உயிரி டீசல்: ஒரு தொகைச்சொல்லும் ஜொகூர் நீரிணையும்

தேங்காயெண்ணெய் என்பது தேங்காயிலிருந்து பெறும் எண்ணெய். கூந்தலெண்ணெய் என்பது கூந்தலுக்கு உரிய எண்ணெய். இரண்டும் உருபும் பயனும் உடன்தொக்க தொகைகளே. எனினும் முன்னதில் மறைந்து நிற்பது ஐந்தாம் வேற்றுமை, பின்னதில் நான்காம் வேற்றுமை. 'உயிரி டீசல்' என்னும் கலைச்சொல் முதல் வகையைச் சார்ந்தது. உயிரியிலிருந்து பெறும் டீசல் என்பதே அதன் பொருள். கேட்போர் பலரோ அதனை உயிர்க்கு உகந்த டீசல் என்று கொள்கின்றனர். 'செம்பனை டீசல்' என்றே நாம் வழங்கியிருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது என்பது என் கருத்து.

செம்பனை எண்ணெயுடன் மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரால் அடியில் தங்கும். மேலே நிற்கும் மெத்தில் எஸ்டரே உயிரி டீசல். பெர்மாஸ் ஜெயாவுக்குக் கிழக்கே பாசிர் கூடாங்கில் இத்தகைய ஆலைகள் உள்ளன. 2019 பிப்ரவரியில் மலேசியாவில் வாகன டீசலில் இதனை 10 விழுக்காடு கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. எஞ்சிய 90 விழுக்காடு கல்லெண்ணெய் டீசலே. அதன் நஞ்சு அப்படியே இருக்கிறது.

தூய உயிரி டீசல் கல்லெண்ணெய் டீசலினும் நச்சு குறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மீன்களின் கருவளர்ச்சியைக் கெடுக்கும் அரோமாட்டிக் சேர்மங்கள் அதில் இல்லை. நுண்ணுயிர்கள் அதனை விரைவில் சிதைத்தும் விடும். ஆனால் சிதைத்தல் என்பது இங்கே உண்ணுதல். உண்ணும் நுண்ணுயிர் மூச்சுவிட்டாக வேண்டும். ஒரு லிட்டர் உயிரி டீசல் முற்றும் சிதைய ஏறத்தாழ இரண்டரை கிலோகிராம் ஆக்சிஜன் தேவை. நம் பகுதியின் வெதுவெதுப்பான கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்திருப்பதோ 6 மில்லிகிராம் அளவே. கணக்கிட்டுப் பார்த்தால், 400 கனமீட்டர் நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் அந்த ஒரு லிட்டருக்கே செலவாகும். இரண்டு வகுப்பறைகளை நீரால் நிரப்பினால் கிடைக்கும் அளவு அது. காற்றிலிருந்து ஆக்சிஜன் மீண்டும் நீரில் கரையும் என்பது உண்மையே. ஆயினும் மேலே பரவிய எண்ணெய்ப்படலம் அதற்கும் தடையாகிறது. அன்றியும் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்த் தரைப்பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்பதால் இங்கே நீர் தடையின்றி மாறி ஓடுவதில்லை.

ஆலையின் கழுவுநீர் மற்றொரு வழி. காரமும் சவர்க்காரமும் மெத்தனாலும் கிளிசராலும் கலந்த அந்நீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் சேர்ந்தால் ஆக்சிஜன் அதே முறையில் குறையும்.

எண்ணெய் உண்ணத்தக்கது என்பதனாலும் நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பு உறுதியாவதில்லை. 1991இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவருகே 'கிம்யா' என்னும் கப்பல் கவிழ்ந்து, சமையலுக்குரிய சூரியகாந்தி எண்ணெய் கடலில் கலந்தது. அங்குக் கடற்சிப்பிகள் மடிந்தன. மீன் விலகி ஓடும், சிப்பி ஓடாது. டெப்ராவ் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி வாழும் ஓராங் செலேத்தார் மக்களின் வாழ்வு அச்சிப்பிகளையும் சார்ந்தது.

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது உயிரி டீசல் அன்று. அதன் நச்சாவி மூக்கை எட்டியதால் உடனே தெரியவந்தது. ஆக்சிஜன் குறைவு அவ்வாறு மணத்தால் முன்னறிவிப்பதில்லை. பொழுது புலரும் வேளையில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் அப்போது மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், அதுவே கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலனாகும் முதல் அடையாளம்.