அமெரிக்க அமைதிப் படையின் ஐந்தாண்டு விதி: தோற்றமும் விளைவும்

மலேசியாவில் 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படையின் தொண்டூழியர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றிச் சென்றனர். ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வந்த அவர்களை நம்மவர் பலர் நேரில் அறிவர். அவர்களை அனுப்பிய நிறுவனம் தன் ஊழியர்களை எவ்வாறு நியமித்தது, எவ்வாறு வெளியேற்றியது என்பது அந்த அளவுக்கு அறியப்பட்டதன்று. அதனையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தொண்டூழியரின் பணிக்காலம் ஏறத்தாழ ஈராண்டு. நாம் இங்குக் கருதுவது அவர்களை அன்று. அவர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்றுவித்து, மேற்பார்வையிடும் சம்பள ஊழியர்களையே. 1961ஆம் ஆண்டு டிசம்பரில், நிறுவனம் தோன்றிய சில மாதங்களுக்குள்ளாகவே, அங்குப் பணியிலிருந்த மானிடவியலாளர் இராபர்ட் டெக்ஸ்டர் ஒரு குறிப்பாணை வரைந்தார். ‘உள்ளே, மேலே, வெளியே’ என்பது அவர் முன்வைத்த கொள்கை. பணி முடித்துத் திரும்பிய தொண்டூழியர்களே ஊழியர்களாக உள்ளே வரவேண்டும், உயரவேண்டும், பின்னர் வெளியேறிப் புதியவர்க்கு இடம் விடவேண்டும். தாய்லாந்தை ஆராய்ந்தவராகிய டெக்ஸ்டர், அயல்நாட்டின் மொழியையும் பண்பாட்டையும் வாழ்ந்தறிந்தவரே அங்குப் பணியை நடத்தத் தக்கவர் என்று கருதினார். மொழியறிவை நிர்வாகத் தகுதியாக அவர் கொண்டமை மொழியாசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே.

முதல் இயக்குநர் சார்ஜண்ட் ஷ்ரைவரின் காலத்தில், 1965இல், இக்கொள்கை சட்டத் திருத்தமாயிற்று. அமெரிக்க ஊழியர் பொதுவாக ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்கலாகாது. பல்லாண்டு வழக்கில் இது முப்பது மாத நியமனங்கள் இரண்டாக அமைந்தது. பிற்காலத் திருத்தம் ஒரு சிறு விழுக்காட்டினருக்கு மட்டும் மூன்றாம் நியமனத்தை அனுமதித்தது. வெளியேறியவர் மீண்டும் சேர விரும்பின், முன்பு பணியாற்றிய காலத்துக்குக் குறையாத காலம் வெளியே இருத்தல் வேண்டும்.

நோக்கம் உயர்ந்ததே. நாற்காலியைத் தேய்க்கும் அதிகாரிகள் உருவாகாதிருக்க வேண்டும் என்னும் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், டெக்ஸ்டர் போற்றிய அனுபவ அறிவையே இவ்விதி வெளியேற்றிவிடுகிறது என்பது எம் கருத்து. நிறுவனத்தின் தலைமை ஆய்வு அலுவலகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை இதற்குச் சான்றாகும். ஊழியர் வெளியேற்றம் கூட்டரசுச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. 2005 முதல் 2009 வரை, இவ்விதியால் நேர்ந்த மிகுதியான வெளியேற்றத்தின் செலவு 12.6 மில்லியன் முதல் 15.5 மில்லியன் டாலர் வரை என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. பணத்தினும் பெரிய இழப்பு நினைவின் இழப்பு. ஒருவர் பணியைக் கற்றுத் தேறும் காலமும் அடுத்த வேலையைத் தேடத் தொடங்கும் காலமும் நெருங்கிவிடுகின்றன.

நினைவின் இழப்பு பெரிதும் உறுத்துவது தொண்டூழியரின் பாதுகாப்பில்தான். 2009இல் பெனின் நாட்டில் தொண்டூழியர் ஒருவர் கொலையுண்டார். அதனை அடுத்து 2011இல் இயற்றப்பட்ட சட்டம், பாதிக்கப்பட்டோருக்குத் துணைநிற்கும் அலுவலரையும் தலைமை ஆய்வு அலுவலகத்தையும் ஐந்தாண்டு வரம்பிலிருந்து விலக்கியது. புகார்களைத் தொடர்ந்து கவனிப்பவர் இடையில் மாறிக்கொண்டே இருந்தால் என்ன நிகழும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2018ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. தனித்திறனும் நிறுவனத்தின் செயற்பாட்டறிவும் வேண்டும் முக்கிய நிர்வாகப் பணியிடங்களை இயக்குநர் வரையறுத்து, அவற்றில் இருப்போரின் நியமனத்தைப் புதுப்பிக்கலாம் என்றது. விதி நீக்கப்படவில்லை, அதில் வாயில்கள் திறக்கப்பட்டன.

இவ்விதி அமெரிக்க ஊழியர்க்கே உரியது. தொண்டூழியர் செல்லும் நாடுகளில் அந்நாட்டவர் பலரும் மொழிப் பயிற்றுநராகவும் அலுவலராகவும் அமர்த்தப்படுகின்றனர். அவர்களுக்கு இவ்வரம்பு இல்லை. எனவே ஒரு நாட்டு அலுவலகத்தின் நீண்டகால நினைவு பெரும்பாலும் உள்ளூர் ஊழியரிடமே தங்குகிறது. அவ்வலுவலகத்தின் தலைமையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாஷிங்டனிலிருந்து மாறி வருகிறது.