மீன் தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர்: பொருத்துவதும் பேணுவதும்

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளில் மீன் தொட்டி இருக்கிறது. அவற்றில் மூன்று நம் தமிழ்க் குடும்பங்கள். பள்ளி விடுமுறைக்குச் சென்னை போனால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளை எட்டிப் பார்க்காமல் பிள்ளைகள் திரும்புவதில்லை. காற்றடைத்த பாலித்தீன் பையில் நாலு மோலி, இரண்டு ஏஞ்சல் என்று வாங்கி, பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவோம். ஆறு மணி நேரப் பயணத்தைத் தாக்குப்பிடித்த மீன் வீட்டுக்கு வந்து ஒரே மாதத்தில் செத்துப் போகும். "பெங்களூர் தண்ணி ஒத்துக்கலை" என்று தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பை வாங்குவோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு, அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு, மூன்றடித் தொட்டிக்கு ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கிப் பொருத்தினேன். ஐந்து மாதம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஆறாம் மாதம் தண்ணீர் வரத்து குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரை மாடிக்குத் தூக்கிப் போய்ப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்து, புதுப் பாத்திரம் போல வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவினேன். அதற்கு முந்தின நாள்தான் வீட்டுக்காரர் சம்பையும் மேல் தொட்டியையும் சுத்தம் செய்து ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. புதன்கிழமை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்றில் ஏழு போய்விட்டன. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. "சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம்தானேப்பா செத்துச்சு?" என்று கேட்டாள் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள். அவள் கேட்டது சரி. அதற்குக் காரணம் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஃபில்டர் என்றால் காபி வடிகட்டி மாதிரி அழுக்கைப் பிடித்து வைக்கும் சாதனம் என்றுதான் நினைக்கிறோம். அழுக்கைப் பிடிப்பது அதன் வேலையில் கால்வாசிகூட இல்லை. மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் அழுக்கல்ல, கண்ணுக்குத் தெரியாத அமோனியா.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீன் தீனியில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். ஒரு நாளைக்கு ஒரு கிராம் தீனி போட்டால் அதில் 400 மில்லிகிராம் புரதம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் என்பதால், 64 மில்லிகிராம் நைட்ரஜன். இதில் பாதி மட்டும் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவாகத் தண்ணீரில் கலந்தாலும் 32 மில்லிகிராம். தொட்டியில் 110 லிட்டர் தண்ணீர் என்றால் நாலே நாளில் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அந்த அளவே செவுளைப் புண்ணாக்கப் போதும். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அமோனியாவின் விஷம் இன்னும் ஏறும். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் அந்த ரகம்.

ஆற்றிலும் குளத்திலும் இந்த அமோனியாவைத் தின்று வாழ ஒருவகை பாக்டீரியா உண்டு. அது அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிப் போகும். இன்னொரு வகை பாக்டீரியா அதையும் நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் செடிக்கு உரம், மீனுக்கு அதிகக் கெடுதல் இல்லை. இந்த வேலைக்கார நுண்ணுயிர்களை 1890 வாக்கில் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. வீட்டு மீன் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது, பாடப் புத்தகங்களில் சொல்லப்பட்ட நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்பது 1998இல் வெளிவந்த ஆய்வால்தான் தெரியவந்தது.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஓடும் தண்ணீரிலிருந்து உணவையும் பிராணவாயுவையும் எடுத்துக்கொண்டு வாழும். அந்தப் பீங்கான் வளையங்களில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பது இவற்றின் குடியிருப்புக்காகவே. நான் அன்று மாடியில் கழுவியது அழுக்கை அல்ல. ஐந்து மாதமாகக் குடியிருந்த கூட்டத்தையே ப்ளீச்சிங் தண்ணீரில் கொன்று சாக்கடையில் விட்டேன். அதன் பிறகு ஓடியது வெறும் மோட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பொருத்தும் முறை எளிதாக விளங்கும்.

முதலில் ஒரு வார்த்தை. தொட்டி இரண்டடிக்குக் குறைவு என்றால் கேனிஸ்டர் வேண்டாம். காற்று பம்பில் இணைக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் அதே வேலையைச் சில நூறு ரூபாயில் செய்யும். மூன்றடி, நாலடி என்று போகும்போதுதான் கேனிஸ்டருக்குத் தேவை வருகிறது. தொட்டியின் தண்ணீரை மணிக்கு நாலைந்து முறை சுழற்றும் அளவு வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் எண், உள்ளே ஒன்றும் நிரப்பாமல் அளந்தது. ஆகவே 110 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 600 முதல் 800 லிட்டர் என்று போட்டிருப்பதை வாங்கலாம்.

கேனிஸ்டர் என்பது தூக்கு வாளி அளவில் இறுக மூடிய டப்பா. தொட்டிக்கு வெளியே, தொட்டியை விடத் தாழ்வாக, ஸ்டாண்டின் அடித்தட்டில் அது உட்கார வேண்டும். மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவார்களே, அதே தத்துவம்தான் இங்கேயும். தண்ணீர் தானாகக் கீழே இறங்கி டப்பாவை நிரப்பும், மோட்டார் அதை மேலே தள்ளும். மோட்டாருக்கு உறிஞ்சும் சக்தி கிடையாது. தொட்டிக்குச் சமமாக டீப்பாயில் வைத்துவிட்டு "ஓடவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

டப்பாவுக்குள் தட்டுத் தட்டாகக் கூடைகள் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் தண்ணீர் அடியில் இறங்கி மேல் நோக்கி ஏறும். ஆகவே அடிக்கூடையில் சொரசொரப்பான ஸ்பாஞ்ச். எச்சமும் இலைத்தூளும் அங்கேயே நின்றுவிட வேண்டும். நடுக்கூடைகளில் பீங்கான் வளையங்கள். எத்தனை அதிகம் கொள்ளுமோ அத்தனை நல்லது. உச்சியில் மெல்லிய வெள்ளைப் பஞ்சு. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தால் அழுக்கு நேராக வளையத்தில் போய் அடைத்துக்கொள்ளும். உங்கள் மாடலில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதைப் பார்த்து அடுக்குங்கள். கரிப் பொட்டலம் ஒன்றும் கூடவே கொடுப்பார்கள். மீனுக்கு மருந்து போட்டு, பிறகு அந்த மருந்தை எடுக்க வேண்டிய போதுதான் அது தேவை. மற்ற நாளில் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வளையம் போடலாம். வளையங்களை வைக்கும் முன் தூசி போக அலசுவது நல்லது. புதிதாக இருக்கும்போது எந்தத் தண்ணீரில் அலசினாலும் தோஷமில்லை.

மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், குக்கர் காஸ்கெட் மாதிரி. அதில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டி கூடத்தில் காலியாகிவிடும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மூடுங்கள். வாசலின் தடவாதீர்கள், நாளடைவில் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். முதல் வாரம் ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்தால் சொட்டுக் கசிவும் உடனே கண்ணில் படும்.

உறிஞ்சு குழாய் தொட்டியின் ஒரு மூலையில், அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே. திரும்பும் குழாய் எதிர்மூலையில். ரப்பர் குழாயை அளவாக வெட்டுங்கள். நீளமாக விட்டுத் தொங்கினால் வளைவில் காற்று தங்கும். திரும்பும் தண்ணீர் மேற்பரப்பைச் சலசலக்கச் செய்யவேண்டும், அப்போதுதான் பிராணவாயு கரையும். கப்பிக் குஞ்சுகள் இருந்தால் உறிஞ்சு முனைக்கு ஒரு ஸ்பாஞ்சை மாட்டிவிடுங்கள்.

கடைசியாகத்தான் கரண்ட். டப்பாவில் தண்ணீர் நிறைந்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். காய்ந்த மோட்டார் சீக்கிரம் போய்விடும். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. டப்பாவை இப்படியும் அப்படியும் சாய்த்தால் குமிழ் வெளியேறிவிடும். ஒயரை பிளக் பாயின்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள், ஒயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குள் கை விடும்முன் எல்லா சுவிட்சையும் அணைப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், மீன் வாங்கும்முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பொருத்திய மறுநாளே மீன்களைக் கொண்டுவந்து கொட்டிவிடக் கூடாது. பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இன்னும் தாமதமாகும். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று சின்ன மீன், நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான். அமோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு வாரத்துக்கு இரண்டாக மீனைக் கூட்டலாம். சீக்கிரம் ஆகவேண்டுமென்றால் வழி இருக்கிறது. நோய் இல்லாத, நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கைப்பிடி பழைய வளையத்தை, தொட்டித் தண்ணீரோடு வாங்கி வந்து உங்கள் கூடையில் போடுங்கள். தயிருக்கு உறை வாங்குகிற மாதிரிதான்.

இனி கழுவும் விஷயம். தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து, அதிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். வளையங்களை ஒருமுறை முக்கி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். பழுப்பாக வழவழப்பாக இருப்பதுதான் ஆரோக்கியம். வெள்ளைப் பஞ்சை மட்டும் மாற்றலாம். ஸ்பாஞ்சையும் வளையத்தையும் ஒரே நாளில் புதிதாக மாற்றக் கூடாது.

மின்வெட்டு நமக்குப் பழக்கம். ஆனால் மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றால், உள்ளிருக்கும் பிராணவாயுவை அந்தக் கூட்டம் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு அவை செத்து அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த நாற்றத் தண்ணீரை அப்படியே தொட்டியில் தள்ளும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றால் கவலையில்லை. அதற்கு மேல் நீடித்தால், பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, கூடைகளைத் தொட்டித் தண்ணீரிலேயே இறக்கி வையுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்பு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. மறுபடி ஓட்டுமுன் டப்பாவில் கிடந்த பழைய நீரைக் கொட்டிவிட வேண்டும். பிராணவாயு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் பகுதிக்காரர்கள் 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் நேரிலேயே பார்த்தோம். ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன.

இன்வெர்ட்டர் உள்ளவர்கள் ஃபில்டரை அந்தப் பாயின்டில் மாட்டிவிடலாம். 15 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்குப் பதினோரு யூனிட்தான். "ராத்திரி எதுக்கு ஓடணும்?" என்று நிறுத்துகிற சிக்கனம் மட்டும் வேண்டாம்.

ஃபில்டர் இருந்தாலும் வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றத்தான் வேண்டும், நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பழைய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றுங்கள். காவிரித் தண்ணீர் தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டி, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நம் வீட்டுக்கு வருகிறது. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊரில், தினமும் தொட்டியைக் காலி செய்து நிரப்புவது நியாயமில்லை. ஃபில்டர் சரியாக ஓடும் தொட்டிக்கு அது தேவையும் இல்லை. புதிதாக ஊற்றும் தண்ணீரை ஒரு நாள் பக்கெட்டில் திறந்து வைத்தோ, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ ஊற்றுங்கள். சம்ப் கழுவிய வாரத்தில் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப் போடுங்கள்.

என்னைப் போலக் கழுவித் தொலைத்தவர்களுக்கு முதலுதவி: தீனியை உடனே நிறுத்துங்கள், குளோரின் போக்கிய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்து விடுங்கள். உப்பு நைட்ரைட்டைச் செவுளுக்குள் போகவிடாமல் தடுக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கிட் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி மாற்றுங்கள். அப்படித்தான் எங்கள் வீட்டில் மிச்சமிருந்த நாலு மீன் பிழைத்தன. அவற்றில் ஒரு ஏஞ்சல் இன்றும் இருக்கிறது. உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது, தீனி டப்பாவைக் கையில் எடுத்தாலே மூலைக்கு ஓடி வருகிறது.