உயரம் மட்டும் போதுமா?

மாலை நான்கு மணி. ஜொகூர் பாருவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் கூடைப்பந்துக் களத்தில் பயிற்சி ஆட்டம் நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் படிவ மாணவன் ஒருவன் வளையத்திற்கு அருகில் நிற்கிறான். அவன் உயரம் 190 சென்டிமீட்டர். எதிரணியினர் எறிந்த பந்து வளையத்தில் மோதித் தெறிக்கிறது. அவன் அண்ணாந்து பார்த்தபடி கையை உயர்த்துகிறான். அதற்குள், அவனைவிட 15 சென்டிமீட்டர் குள்ளமான ஒருவன் அவனுக்கு முன்னே நுழைந்து பந்தைப் பிடிக்கிறான்; உடனே மீண்டும் எறிந்து இரண்டு புள்ளிகளையும் பெற்றுவிடுகிறான். “இவ்வளவு உயரம் இருந்து என்ன பயன்?” என்று களத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. உயரமான மாணவன் தலை குனிகிறான்.

கூடைப்பந்து விளையாடும் உயரமானவர்கள் பலருக்கும் இது பழக்கமான காட்சி. பார்ப்பவர்கள் அவனைச் சோம்பேறி என்றோ பயந்தவன் என்றோ எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். சில மாணவர்கள் இத்தகைய சொற்களைத் தாங்க முடியாமல் விளையாட்டையே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால், பெரும்பாலும் குறை அவர்களுடைய துணிவில் இருப்பதில்லை. ஒரு நுட்பத்தை அவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளாததே காரணமாகும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து வானத்தில் கைப்பற்றப்படுவது போல் தோன்றுகிறது. உண்மையில், அது யாருக்குச் சேரும் என்பது தரையில், கால்களால் முன்னதாகவே முடிவு செய்யப்படுகிறது.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தோன்றியது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், பீச் பழக் கூடைகளை மாடத்தில் பத்தடி உயரத்தில் பொருத்தி இவ்விளையாட்டைத் தொடங்கினார். அடிப்பகுதி மூடிய கூடைகள் என்பதால், உள்ளே விழுந்த பந்தை ஏணியில் ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாடத்தில் அமர்ந்திருந்த பார்வையாளர்கள் பந்தைத் தட்டிவிடாமல் இருக்க, சில ஆண்டுகளில் கூடைக்குப் பின்னால் பலகை பொருத்தப்பட்டது. பலகை வந்ததும், குறி தவறிய பந்து மாடத்திற்குப் போகாமல் களத்திற்கே திரும்பியது. திரும்பி வரும் பந்துக்கான போட்டியும் வலுத்தது. இவ்வாறு திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதையே ‘ரீபவுண்ட்’ என்கிறோம். வளையத்தின் உயரம் இன்றும் அதே பத்தடிதான், அதாவது 3.05 மீட்டர்.

ரீபவுண்ட் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதப்படுகிறது? ஓர் ஆட்டத்தில் எறியப்படும் பந்துகளில் ஏறக்குறைய பாதி வளையத்திற்குள் விழுவதில்லை. பள்ளி அளவிலான ஆட்டங்களில் தவறும் பந்துகள் இன்னும் அதிகம். தவறிய ஒவ்வொரு பந்தும் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாக ஒரு கணம் காற்றில் நிற்கிறது. தற்காக்கும் அணி அதைப் பிடித்தால், எதிரணியின் தாக்குதல் முடிவுக்கு வருகிறது. தாக்கும் அணியே அதைப் பிடித்தால், அனைத்துலக விதிமுறைப்படி அதற்கு மேலும் 14 வினாடிகள் வரை கிடைக்கின்றன. அதுவும் பெரும்பாலும் வளையத்திற்கு மிக அருகிலேயே கிடைக்கும் வாய்ப்பாகும். ஓர் அணி இவ்வாறு ஐந்து பந்துகளை விட்டுக்கொடுத்தால், பத்துப் புள்ளிகளை இழக்கும் நிலைகூட ஏற்படலாம். சமமான இரு அணிகள் மோதும்போது வெற்றி தோல்வியை முடிவு செய்ய அதுவே போதும்.

இனி, உயரமான மாணவனுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். ஒருவர் நின்றபடியே கையை முழுமையாக உயர்த்தினால், விரல் நுனி அவரது உயரத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலான உயரத்தை எட்டும். இதன்படி 190 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் கை, 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் கையைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மேலே இருக்கும். இது நல்ல சாதகம்தான். ஆனால், ஒருவர் எடுத்து வைக்கும் ஓர் அடி 20 சென்டிமீட்டரைவிட நீளமானது. குள்ளமானவர் ஓர் அடி முன்னே வந்து பந்து விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டால், உயரமானவரின் சாதகம் அங்கேயே கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எட்டிப் பிடிக்க முயன்றால், முன்னால் நிற்பவரின் முதுகில் மோதித் தவறு இழைக்க நேரிடும்.

இந்த இழப்பைத் தடுக்கும் நுட்பமே ‘பாக்ஸ் அவுட்’. தமிழில் இதனை மறித்து நிற்றல் எனலாம். எதிராளிக்கும் வளையத்திற்கும் இடையில் நின்று, அவரை நம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதே இதன் சாரம். இதனை நான்கு படிகளாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, பார்வை. பந்து எறிபவரின் கையைவிட்டுப் புறப்பட்டவுடன், நம் கண்கள் இயல்பாகவே பந்தின் பின்னால் செல்லும். அந்தக் கணத்தில் பந்தைப் பார்க்காமல், நமக்கு அருகில் இருக்கும் எதிராளியைத் தேட வேண்டும். உயரமானவர்கள் செய்யும் முதல் பிழை இங்குதான் நிகழ்கிறது. கை எட்டும் என்ற நம்பிக்கையில் அவர்கள் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கின்றனர்.

இரண்டாவது, தொடுதல். எதிராளியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்து, முன்னங்கையால் அவர் இருக்கும் இடத்தை உணர வேண்டும். பிறகு ஒரு காலை ஊன்றிச் சுழன்று, அவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவர் இடப்பக்கம் நகர்கிறாரா, வலப்பக்கம் நகர்கிறாரா என்பதை இப்போது முதுகே சொல்லிவிடும். கண்கள் பந்தைத் தேடலாம்.

மூன்றாவது, தாழ்ந்து நிற்றல். கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அகற்றி, முழங்கால்களை மடக்கி, நாற்காலியில் அமர்வது போல் இடுப்பைத் தாழ்த்த வேண்டும். சிலம்பம் பயின்றவர்களுக்கும் சடுகுடு ஆடியவர்களுக்கும் இந்நிலை புதிதன்று. அறிவியல் பாடத்தில் நாம் படித்த நிலைத்தன்மையின் விதியே இங்கும் செயல்படுகிறது. அடித்தளம் அகன்று, ஈர்ப்பு மையம் தாழ்ந்து இருந்தால் ஒரு பொருளை எளிதில் சாய்க்க முடியாது. உயரமானவரின் ஈர்ப்பு மையம் இயல்பாகவே உயரத்தில் இருக்கும். அவர் நிமிர்ந்து நின்றால், தாழ்ந்து நிற்கும் குள்ளமானவர் இடுப்பால் மறித்தே அவரை எளிதில் பின்னால் நகர்த்திவிடலாம். ஆகவே, மற்றவர்களைவிட உயரமானவர்கள்தாம் முழங்காலை நன்றாக மடக்கப் பழக வேண்டும்.

நான்காவது, பாய்தல். எதிராளியை ஒரு கணம் தடுத்து நிறுத்திய பிறகே பந்தை நோக்கிச் செல்ல வேண்டும். அரை மீட்டர் உயரத்திற்குக் குதிக்கும் ஒருவர் காற்றில் இருக்கும் மொத்த நேரம் ஏறத்தாழ 0.64 வினாடிதான். அவசரப்பட்டு முன்னதாகக் குதித்தால், பந்து வரும்போது அவர் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கும் பொருந்தும். பந்தை இரு கைகளாலும் பற்றி, தாடைக்குக் கீழே, முழங்கைகள் விரிந்திருக்க வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பளவுக்குத் தாழ்த்தினால், சிறிய ஆட்டக்காரர்கள் அதனைத் தட்டிப் பறித்துவிடுவார்கள்.

மறித்து நிற்பதற்கு விதிமுறைகளின் எல்லையும் உண்டு. களத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும், தம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத உருளை ஒன்று இருப்பதாகக் கருதப்படுகிறார். முறையாக முதலில் பிடித்த இடம் அவருக்கு உரியது. அந்த இடத்தில் உறுதியாக நிற்கலாம். ஆனால், எதிராளியைக் கையால் பிடிக்கவோ தள்ளவோ, முழங்கையை வீசவோ கூடாது. ஐந்து தவறுகள் செய்தவர் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். இடத்தின் மதிப்பை விதிமுறையே ஒப்புக்கொள்கிறது. தனி எறிதலின்போது, வளையத்திற்கு மிக அருகில் இருபுறமும் நிற்கும் உரிமை தற்காக்கும் அணிக்கே வழங்கப்படுகிறது.

உலகக் கூடைப்பந்து வரலாறும் இதற்குச் சான்று கூறுகிறது. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் 1991–92 முதல் 1997–98 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்ட் சராசரியில் முதலிடம் பெற்றவர் டெனிஸ் ரோட்மன். அவரது உயரம் 201 சென்டிமீட்டர். நமக்கு அது பெரிய உயரமாகத் தோன்றலாம். ஆனால், அவர் மோதியவர்களுள் பலர் 210 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள். 2020இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணத் தொடரில் அவர் தம் பயிற்சியை விளக்கியுள்ளார். நண்பர்களைப் பல கோணங்களிலிருந்து பந்தை எறியச் சொல்லி, அது எப்படிச் சுழல்கிறது, வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று அவர் உன்னிப்பாகக் கவனித்தாராம். ஒரு பக்கவாட்டிலிருந்து எறியப்படும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் விழும். தொலைவிலிருந்து எறியப்படும் பந்து தொலைவிலேயே தெறிக்கும். இதனை அறிந்தவர் பந்து வருமுன்னே அங்கு சென்று நிற்பார்.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். பஞ்சாப் மாநிலத்தின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னம் சிங் 218 சென்டிமீட்டர் உயரமானவர். விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 2010இல் அமெரிக்காவுக்குச் சென்று பயிற்சி பெற்றார். 2015இல் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக அவரைத் தெரிவு செய்தது. என்பிஏ அணியொன்றால் தெரிவு செய்யப்பட்ட முதல் இந்தியர் அவரே. எனினும், என்பிஏ லீக்கின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. அதற்கு அடுத்த நிலை லீக்கிலும் அவருக்குக் குறைந்த நேரமே கிடைத்தது. ஒரு சிற்றூரிலிருந்து அவ்வளவு தூரம் சென்றது அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், உயரம் வாசலைத் திறந்துவிடும். உள்ளே நிலைத்திருக்க மேலும் பல திறன்கள் வேண்டும் என்பதை அவரது பயணம் நமக்கு உணர்த்துகிறது.

மறித்து நிற்பவருக்கு எப்போதும் பந்து கிடைக்கும் என்று கூற இயலாது. நியூசிலாந்தைச் சேர்ந்த 211 சென்டிமீட்டர் உயரமான ஸ்டீவன் ஆடம்ஸ், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு ஆடியபோது எதிரணியின் பலசாலிகளைத் தம் முதுகால் தடுத்து நிறுத்துவார். காலியான இடத்தில் அவருடைய சக ஆட்டக்காரர் ரசல் வெஸ்ட்புரூக் பந்தை எடுத்துக்கொண்டு விரைவார். 2016–17 பருவத்தில், ஏறத்தாழ 190 சென்டிமீட்டர் உயரமே உடைய வெஸ்ட்புரூக் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 10.7 ரீபவுண்டுகள் எடுத்தார். அவற்றுள் பலவற்றின் பின்னால் ஆடம்ஸின் உழைப்பு இருந்தது. புள்ளி ஏட்டில் அந்த உழைப்புக்குத் தனிக் கட்டம் இல்லை. ஆனால், அணியினர் அதை அறிவார்கள்.

இத்திறனை வளர்த்துக்கொள்ள விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் நடுவில் ஒரு பந்தை வைக்க வேண்டும். ஒருவர் பந்துக்கு முதுகைக் காட்டி நின்று, மற்றவரை ஐந்து வினாடிகளுக்கு வட்டத்திற்குள் நுழையவிடாமல் முதுகாலும் கால் நகர்வாலும் தடுக்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். வாரத்திற்கு இரண்டு முறை, பயிற்சிக்குப் பின் பத்து நிமிடம் செய்தாலே கால்கள் பழகத் தொடங்கும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

மீண்டும் அந்த ஜொகூர் பாரு களத்திற்கு வருவோம். பந்து எறியப்படுகிறது. இம்முறை உயரமான மாணவன் அண்ணாந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவனைத் தேடி, ஓரடி வைத்து, திரும்பி, முழங்காலை மடக்கித் தாழ்கிறான். முதுகில் எதிராளியின் எடை அழுந்துகிறது, அவன் நகரவில்லை. பந்து தெறித்து, அவன் அணியின் மிகச் சிறிய ஆட்டக்காரனின் கையில் விழுகிறது. களத்தின் ஓரத்தில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால், பந்தை எடுத்தவன் ஓடும்போதே திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைக்கிறான். அவனும் நிமிர்ந்து, அடுத்த தாக்குதலுக்காக எதிர்முனையை நோக்கி ஓடத் தொடங்குகிறான்.