வெள்ளீயம் விட்டுச் சென்ற ஊர்

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தாஸ்மேனியாத் தீவின் வடகிழக்கில், மலைக்காடு சூழ்ந்த டெர்பி எனும் சிற்றூர் உளது. வெள்ளீயச் சுரங்கத்தால் செழித்த ஊர் அது. சுரங்கத்திற்கு இட்ட பெயர் பிரைசிஸ். 1876-இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற பந்தயக் குதிரையின் பெயர் என்றால் வாசகர் வியப்பர்!

1929 ஏப்ரல் 4-ஆம் நாள், அடைமழையில் சுரங்கத்தின் அணை உடைந்தது. பாய்ந்து வந்த வெள்ளத்தில் 14 பேர் மாண்டனர். பின்னாளில் சுரங்கமும் மூடப்படவே, பிழைப்புத் தேடிப் பலர் வெளியேறினர், ஊர் மெலிந்தது.

2015-இல் அக்காட்டினுள் மலை மிதிவண்டிப் பாதைகள் திறக்கப்பட்டன. பாறைகளுக்கும் பெரணிகளுக்கும் இடையே வளைந்து இறங்கும் அப்பாதைகளை நாடி அயல்நாட்டாரும் வருகின்றனர். கேட்பாரற்றுக் கிடந்த வீடுகள் தங்கும் விடுதிகளாயின. சுரங்கம் தோண்டிய பெரும்பள்ளம் இன்று ஏரி. களைத்தோர் இளைப்பாற அதன்மீது வெப்பக் குளியற்குடில் ஒன்று மிதக்கின்றது.

பாதைகளுள் ஒன்றின் பெயர் ‘டேம் பஸ்டர்ஸ்’, அதாவது அணை உடைப்போர். மாண்டோரை வைத்து விளையாட்டா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெயரைக் கேட்கும் இளைஞன் காரணத்தையும் வினவுவான் அன்றோ? கல்வெட்டை நின்று படிப்பவர் எத்தனை பேர்?

லான்செஸ்டன் நகரிலிருந்து காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். எளிய பாதைகளும் உள்ளமையால் சிறுவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.