வடக்கே போகத் தெற்கே ஏறு
சிப்காட் சாலை – 9

சென்னையிலிருந்து பாட்னாவுக்கு வான்வழி சுமார் 1,500 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் போட்டிருப்பார்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு எதற்கு இவ்வளவு நேரம்? நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, கடைசியில் நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் சேர்த்தி. கும்மிடிப்பூண்டி மட்டும் சேர்த்தியில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இரும்பாலைகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களுக்கு ஊர் வடக்கே இருக்கிறது. எதில் போனாலும் முதலில் தெற்கே போயாக வேண்டும். கூடூர் ரயில் பாதை கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போகிறது; ஆனால் வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. மின்சார ரயிலில் 48 கிலோமீட்டர் சென்ட்ரலுக்கு வந்து, எக்ஸ்பிரஸ் ஏறி, கிளம்பிய ஊரையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கடக்கிறார்கள். 2024 அக்டோபர் 11 இரவு இதே பாதையில் கவரைப்பேட்டையில் சரக்கு ரயில் மீது மோதியதே பாக்மதி எக்ஸ்பிரஸ், அதுவும் மைசூரிலிருந்து தர்பங்கா போகிற வண்டிதான்.

விமானத்திலும் இதே கூத்து. மீனம்பாக்கம் விமான நிலையம் சாலை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே. அங்கிருந்து பாட்னாவுக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். பழவேற்காட்டுக்கு மேலாகப் போகும். அதாவது, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே! (இன்னும் கொஞ்சம் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. இருபது நிமிடத்துக்குள் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டுவிடும். அந்த நேரத்தில் நம் மின்சார ரயில் பொன்னேரியைத் தாண்டியிருந்தால் அதிகம்.)

பீகாரில் மதுபனி பக்கத்து ஆளின் கணக்கைப் போடுவோம். விமான நிலையம் சேர இரண்டு மணி நேரம். முன்கூட்டியே போய்க் காத்திருப்பது இரண்டு. பறப்பது இரண்டரை. பாட்னாவில் இறங்கிக் கங்கையைத் தாண்டி, பஸ் பிடித்து 150 கிலோமீட்டருக்கு மேல் போக நான்கு ஐந்து மணி நேரம். ஆக, வீட்டு வாசலை மிதிக்க அரை நாள் ஆகிவிடும். வானத்தில் இருந்தது அதில் கால்வாசிகூட இல்லை.

அப்படியும் விமானம் லாபம்தான். பாட்னாவுக்கு ரயில் பாதை நாக்பூர், இடார்சி, ஜபல்பூர் என்று வளைந்து 2,300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஒன்றரை நாளுக்கு மேல் பிடிக்கும். போக வர மூன்று நாள் கூலி அதிலேயே கரைந்துவிடும். பத்து நாள் லீவில் வருகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ரயிலில் ஒரு வசதி, மூடி போட்ட பெயின்ட் வாளியில் சாமானை அடைத்து, இடம் கிடைக்காவிட்டால் அதன்மேலேயே உட்கார்ந்து போகலாம். விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டினால் தனிக் காசு.

இத்தனைக்கும், கும்மிடிப்பூண்டியில் எக்ஸ்பிரஸ் இரண்டு நிமிடம் நிற்பதற்கு எந்த ஓடுபாதையும் போட வேண்டாம். நடைமேடை ஏற்கெனவே இருக்கிறது.

இனி டிக்கெட் விலை. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் வரும் பீகார் ஆட்களின் சட் பூஜைக்கு அது எந்த உயரத்துக்கு ஏறுகிறது, அதற்காக யார் யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)