திருத்தியமைத்த கணிப்பொறிப் பெட்டி

மேசைக் கணிப்பொறியின் உறுப்புகளைத் தன்னகத்தே தாங்கி நிற்பது அதன் பெட்டி. இதனைக் கடைத்தெருவில் 'கேபினெட்' என்பர். சிலர் இப்பெட்டியையே 'சி.பி.யூ.' என வழங்குவர், அது பொருந்தாது. சி.பி.யூ. என்பது பெட்டியினுள் இருக்கும் செயலி ஒன்றனையே குறிக்கும்.

கலையார்வம் மிக்க சிலர் இப்பெட்டியின் பக்கத் தகட்டை அறுத்துக் கண்ணாடிச் சாளரம் அமைப்பர், வண்ணம் தீட்டுவர், புதிய துளைகளிட்டு விசிறிகளைப் பொருத்துவர், பல நிற விளக்குகளை ஒளிரச் செய்வர். அங்ஙனம் பிறர் திருத்தியமைத்த பெட்டி விற்பனைக்கு வருங்கால், அதன் தகுதியை ஆராய்ந்தறிவது எவ்வாறு?

முதற்கண் அளவை நோக்குதல் வேண்டும். இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை இன்றும் பெருவழக்காக உள்ளது. அம்முறைப்படி மதர்போர்டு 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் உடையது. அதனைத் தாங்கும் சிறு உலோகக் கால்கள் பலகையின் துளைகளுக்கு நேராக நிற்றல் வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒரு கால் நின்றாலும், அது பலகையின் அடிப்புறத்தைத் தொட்டு 'ஷார்ட் சர்க்யூட்' விளைக்கக்கூடும்.

அடுத்து நோக்கத்தக்கது காற்றோட்டம். செயலி வேலை செய்யுங்கால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் வெளியேறாவிடின் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் எல்லை மீறின் கணிப்பொறி நின்றுவிடும். ஆதலின், முன்புறத்தில் குளிர்காற்று புகவும், பின்புறத்திலும் மேற்புறத்திலும் வெப்பக்காற்று வெளியேறவும் விசிறிகள் அமைதல் நன்று. ஓடும் விசிறிக்கு வெளியே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அதன் திசை விளங்கும். காகிதம் ஈர்க்கப்படின் அவ்விசிறி காற்றை உள்ளிழுப்பது, தள்ளப்படின் வெளியேற்றுவது. முன்புறத்தைக் கண்ணாடியால் முழுதும் அடைத்துவிட்டு, அதன்பின் மூன்று விசிறிகளைச் சுழலவிடுவதால் பயன் சிறிதே.

மூன்றாவதாக நோக்கத்தக்கது பாதுகாப்பு. உட்புறத்தை ஆராயுமுன் மின்செருகியைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. அறுத்த தகட்டின் விளிம்பு கூரியதாயின் கையைக் கிழிக்கும். கம்பியின் உறையையும் கிழிக்கும். ஆகவே விளிம்பை அராவி, கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் இட்டிருத்தல் வேண்டும். அறுக்கும்பொழுது உதிர்ந்த உலோகத்துகள் உள்ளே தங்கியிருத்தலும் கேடு பயக்கும். மேலும், உலோகப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியின் வாயிலாக 'எர்த்' எனப்படும் நிலத்தொடர்பைப் பெறுகின்றது. திருகாணிகள் பதியும் இடங்களிலும் வண்ணம் பூசிவிடின் அத்தொடர்பு குன்றலாம். அந்நிலையில் மின்கசிவு ஏற்படின், பெட்டியைத் தொடுவோர் மின்னதிர்ச்சிக்கு ஆளாகவும் கூடும்.

மாணவர்களே! இவையனைத்தும் செவ்வனே இருப்பக் கண்டபின்னரே வண்ணத்தையும் விளக்கையும் நோக்குங்கள். ஒளியில் மயங்கிப் பெட்டியை வாங்கியவர், பெட்டியினும் விலைமிக்க மதர்போர்டையும் இழக்க நேரிடும். நல்ல கைவினைஞன் பிறர் காணும் புறத்தை மட்டும் மெருகிடுவதில்லை. எவரும் காணாத உள்விளிம்பையும் அராவி வைத்திருப்பான். பக்கத் தகட்டைக் கழற்றி, அவ்விளிம்பை முதலிற் பாருங்கள்.