மின்னல் வேக ஆட்டங்களும் கணனிச் சதுரங்கத்தின் உண்மை வலிமையும்

புத்தளம் மாவட்டக் கரையோரக் கிராமமான கனமூலைக்கு நாம் அண்மையில் சென்றிருந்தபோது, பாடசாலை மாணவர் இருவர் மடிக்கணனி ஒன்றில் இரண்டு சதுரங்க மென்பொருட்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக் கொண்டிருந்ததைக் காண நேர்ந்தது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் பத்து ஆட்டங்கள். ஏழுக்கு மூன்று என்று ஒன்று வென்றது. வென்றதை வைத்துக்கொண்டு தோற்றதை அழித்துவிடுவது என அவ்விடத்திலேயே தீர்மானமாயிற்று. சதுரங்கம் பயில நகரத்துக்குச் சென்றுவர வசதியற்ற பிள்ளைகளுக்கு இந்த மென்பொருளே ஆசிரியர். எந்த ஆசிரியரை வைத்துக்கொள்வது, எவரை அனுப்பிவிடுவது என்ற தீர்மானம் இருபது நிமிடத்தில் எடுக்கப்படலாமா?

பெரியவர் எவரேனும் அங்கிருந்திருப்பின், ஒரு நிமிட ஆட்டத்தை வைத்து வலிமையை அளக்கலாகாது என்று கூறியிருப்பார். பலரும் கூறுவது இதுதான். ஆனால், அந்தச் சோதனையின் முதற் குறைபாடு வேகமன்று; எண்ணிக்கையே. ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால், ஏழுக்கு மூன்று அல்லது அதனிலும் ஏற்றத்தாழ்வான முடிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை கிடைக்கும். முற்றிலும் சமபலமுள்ள இரண்டு மென்பொருட்கள் மோதினாலும் அதே கதைதான்.

வேகத்தின் மீதான ஐயம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தமிழர் அறிந்த ஒருவரின் வரலாறே சான்றாகும். 1994 இல் லண்டனில் நடைபெற்ற 25 நிமிட ஆட்டப் போட்டியில் 'ஜீனியஸ்' என்ற மென்பொருள் அன்றைய உலக சம்பியன் கஸ்பரோவை வெளியேற்றியது. அதே மென்பொருள் அரையிறுதியில் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்திடம் 2-0 எனத் தோற்றது. இரண்டிரண்டு ஆட்டங்களை வைத்து மென்பொருளின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1998 ஜூலையில், இத்தாலியின் இஸ்கியா தீவில் நெதர்லாந்து நாட்டவரான எட் ஷ்ரோடர் உருவாக்கிய 'ரெபெல்' மென்பொருளுடன் ஆனந்த் எட்டு ஆட்டங்கள் ஆடினார். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் ரெபெல் 3-1 என வென்றது. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1.5-0.5 என அதுவே முன்னின்றது. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற முறையில் நடந்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் ஆனந்த் 1.5-0.5 என வென்றார். மொத்தத்தில் 5-3 என வெற்றி ரெபெலுக்கே. மின்னல் வேகத்துக்குப் பேர்போன ஒருவரே வேக ஆட்டத்தில் இயந்திரத்திடம் தோற்று, நிதான ஆட்டத்தில் தாக்குப்பிடித்தார் என்பது அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது.

ஆனால் இதிலிருந்து பெறத்தக்க முடிவு, மனிதனும் இயந்திரமும் மோதும் இடத்துக்கே பொருந்தும். நேரம் குறையும்போது மனிதன் கவனப்பிழை விடுகின்றான். இயந்திரம் சில நகர்த்தல்கள் குறைவாக முன்னோக்குகின்றது, அவ்வளவே. இரு பக்கமும் இயந்திரமாயின் இந்த இழப்பு இருவருக்கும் பொதுவாகிறது. எனவேதான், வேக ஆட்டத்தில் தெளிவாக மேலோங்கும் மென்பொருள் நீண்ட ஆட்டத்திலும் பெரும்பாலும் மேலோங்கி நிற்கின்றது.

சோதனையாளர்கள் வேகத்தை நாடுவதற்குக் கணக்கே காரணம். சமநிலைகளை ஒதுக்கிப் பார்த்தால், நூறு ஆட்டங்களின் முடிவு சுமார் பத்துச் சதவீதம் இப்பக்கமோ அப்பக்கமோ சாயக்கூடும். அதை ஒரு சதவீதமாகக் குறைக்கப் பத்தாயிரம் ஆட்டங்கள் தேவை. பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் என்று ஆடவிட்டால், ஒரே கணனிக்கு அது நாலரை ஆண்டு வேலை. பத்து விநாடியும் நகர்த்தலுக்கு 0.1 விநாடியும் என்று ஆடவிட்டால் நான்கு நாட்களுக்குள் முடிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் 'ஸ்டொக்பிஷ்' மென்பொருளை மேம்படுத்துவோர் 2013 முதல் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். தொண்டர்கள் இரவல் தரும் கணனிகளில் ஒவ்வொரு திருத்தமும் முதலில் பத்து விநாடி ஆட்டங்களிலும், அதில் தேறினால் அறுபது விநாடி ஆட்டங்களிலும் சோதிக்கப்படுகின்றது. ஒரு திருத்தம் சேர்க்கும் வலிமை இரண்டு மூன்று தரப்புள்ளிகளே என்பதால் ஆட்டங்கள் பல்லாயிரமாகப் பெருகுகின்றன. முதற் கட்டத்தில் தேறி இரண்டாவதில் வீழ்வனவும் உண்டு. வேக ஆட்டம் முழு உண்மையையும் சொல்வதில்லை என்பதை அதனை நம்புவோரே ஏற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம் அந்த இரண்டாம் கட்டம்.

வேக ஆட்டம் மிகைப்படுத்துவது பெரும்பாலும் வித்தியாசத்தின் அளவையே. சிந்திக்க நேரம் கூடக்கூடச் சமநிலைகள் பெருகி இடைவெளி சுருங்கும். நேரத்தைப் பங்கிடும் ஆற்றலும் வலிமையின் ஒரு பகுதி என்பதை மறந்துவிடலாகாது. 2017 டிசம்பரில் கூகுளைச் சார்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தின் 'அல்பாஸீரோ' ஸ்டொக்பிஷுடன் நூறு ஆட்டங்கள் ஆடி, 28 இல் வென்று, எஞ்சிய 72 ஐச் சமநிலையாக்கியது. நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று நேரத்தைக் கட்டிவைத்தது ஸ்டொக்பிஷின் நேரப் பங்கீட்டுத் திறனை முடக்கிவிட்டது என்ற கண்டனம் உடனே எழுந்தது. எமது கருத்தில் அது நியாயமான கண்டனமே. 2018 இல், பக்கத்துக்கு மூன்று மணி நேரமும் நகர்த்தலுக்குப் 15 விநாடியும் என்று ஆடப்பட்ட ஆயிரம் ஆட்டங்களின் முடிவு வெளியிடப்பட்டபோது வெற்றி 155, தோல்வி 6. வெற்றியாளர் மாறவில்லை. ஆனால் வன்பொருள் ஒழுங்குகளும் மாறியிருந்த அந்த இரண்டாம் போட்டியில், சுமார் 100 தரப்புள்ளியாகத் தோன்றிய இடைவெளி 50 அளவுக்குச் சுருங்கியது.

கனமூலை மாணவர்களிடம் நாம் சொன்னது இவ்வளவே: அழிக்க வேண்டாம். மென்பொருட்கள் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிவிடாதபடி வெவ்வேறு தொடக்க நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளை, கறுப்பு என இரு பக்கமும் மாற்றி ஆடவையுங்கள். பத்து விநாடி ஆட்டங்களாக இரவு முழுவதும் ஓடவிட்டால், மின்சாரம் தடைப்படாதவிடத்து, விடியுமுன் எண்ணூறு தொண்ணூறு அல்ல, தொள்ளாயிரம் வரை சேரும். அப்போதும் வித்தியாசம் மூன்று சதவீதத்துக்கு உட்பட்டதாயின், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.